கருவியும் குருவும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



முத்துமாரியம்பாளின் திருவடிகளை வணங்கி எமது சிற்றுரையைத் தொடங்குகின்றோம். பாடசாலையில் புதிய கருவிகள் வந்திருக்கும் இக்காலத்தில், ஒவ்வொரு பிள்ளைக்கும் அதனதன் நிலைக்கேற்பக் கற்பிப்பது எப்படி என்பது பற்றிப் பேசும்படி செயலாளர் அவர்கள் எங்களைப் பணித்தார்கள். சங்கத்தின் மாலை வகுப்பிலே கற்பிக்கும் பல்கலைக்கழக மாணவர் சிலரின் சார்பிலே பேசுகின்றோம். ஆகையால் “நாங்கள்” என்று சொல்லும்போது பிழைகளும் எங்கள் எல்லோருக்கும் பொதுவென்று கொள்ளுங்கள்.

இது வெறும் மேடைப் பொருளன்று. சங்கம் சேர்த்திருக்கும் கல்வி நிதியைக் கொண்டு வருகின்ற ஆண்டிலே மேலும் டெப் கணினிகள் வாங்குவதா, வேறு வழியில் செலவிடுவதா என்ற கேள்வி நிர்வாக சபையின் முன் நிற்கின்றது. எங்கள் அனுபவத்தை ஒளிக்காமல் சொன்னால் அந்தத் தீர்மானத்துக்கு உதவும் என்று நம்புகின்றோம்.

நமது நகரிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் பெருவீதியிலே வடக்கே சுமார் 3 கிலோமீற்றர் போனால் அளுவிகாரை இருக்கின்றது. நூற்றாண்டுகளாக வாய்மொழியாகவே ஓதி வரப்பட்ட திரிபிடகம், கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அங்கேதான் முதன்முதலாக ஏட்டில் எழுதப்பட்டது என்பது இந்நாட்டு மரபு. அது ஏன் எழுதப்பட்டது? நாட்டிலே போர் வந்தது, கொடிய பஞ்சம் வந்தது. நூலை நெஞ்சிலே வைத்திருந்த பிக்குகள் மாண்டால் நூலும் அவர்களோடு மாண்டுவிடும் என்ற அச்சம் பிறந்தது. ஓலையும் எழுத்தாணியுமே அக்காலத்துத் தொழில்நுட்பம். ஆபத்து வந்தபோது அறிவைக் காக்க அதைக் கையில் எடுத்தார்கள். ஆனால் ஏடு வந்தபின் குருவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களா? இல்லை. ஏட்டை விரித்துப் பொருள் சொல்ல, மாணாக்கன் எங்கே தடுமாறுகின்றான் என்று பார்க்க, பக்கத்திலே ஒருவர் இருந்துகொண்டே இருந்தார்.

நமது காலத்திலும் ஓர் ஆபத்து வந்தது. 2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றின் காரணமாக இலங்கையின் பாடசாலைகள் மூடப்பட்டன. இடையிடையே திறந்தும் மூடியும், 2021 ஒக்டோபர் 21 ஆந் திகதிதான் 200 இற்குக் குறைந்த மாணவர் கொண்ட பாடசாலைகளின் ஆரம்பப் பிரிவுகள் மீண்டும் திறந்தன. அவ்வளவு காலமும் பாடம் கைத்தொலைபேசியில் நடந்தது என்கின்றார்கள். யாருக்கு நடந்தது? பதுளை மாவட்டத்தின் போஹிட்டியாவ என்னும் கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியர்களும், அலைத்தொடர்பு தேடி 3 கிலோமீற்றருக்கு மேல் காட்டுவழியே நடந்து ஒரு பாறையின் உச்சியில் ஏறி உட்கார்ந்த செய்தியை 2021 இல் உலகமே பார்த்தது. நமது இறத்தோட்டை, எல்கடுவை, கம்மடுவைப் பக்கத்து மலைகளை அறிந்தவர்களுக்கு அது புதுச் செய்தியன்று. ஒரு வீட்டிலே ஒரு தொலைபேசி. அதுவும் தகப்பனார் வேலைக்குப் போகையில் அவரோடு போய்விடும். பிள்ளைகளோ மூவர்.

பாடசாலை திறந்தபின் எல்லாப் பிள்ளைகளும் வயதுப்படி அடுத்த தரத்துக்கு ஏற்றப்பட்டார்கள். தரம் 3 இல் வீட்டுக்குப் போன பிள்ளை தரம் 5 இல் வந்து உட்கார்ந்தது. புத்தகம் தரம் 5 இன் புத்தகம்; பிள்ளையின் அறிவு தரம் 3 இன் வாசலிலேயே நின்றது. அந்தப் பள்ளத்தில் விழுந்தவர்களிற் பலர் இன்று இடைநிலை வகுப்புகளிலே மௌனமாக இருக்கின்றார்கள்.

இவர்களுக்காகவே சங்கத்தின் மாலை வகுப்பை ஆரம்பித்தோம். ஓர் அன்பர் பாவித்த டெப் கணினிகள் எட்டு அனுப்பிவைத்தார். அவற்றிலே தமிழும் கணிதமும் பழகும் செயலி இருந்தது. சரியான விடையைத் தொட்டால் பச்சை நிறமும் ஒரு நட்சத்திரமும் வரும். பிழையானால் சிவப்பு வரும். பிள்ளைகள் சத்தமின்றி இருந்தார்கள். நட்சத்திரங்கள் குவிந்தன. பெற்றார் மகிழ்ந்தார்கள். நாங்களும் எங்கள் பல்கலைக்கழகப் பாடங்களை மடியில் வைத்துப் படித்துக்கொண்டு, பிள்ளைகள் முன்னேறுகின்றார்கள் என்று நினைத்தோம்.

ஒருநாள் மின்சாரம் இல்லை. டெப்புகளிலும் மின் தீர்ந்திருந்தது. வேறு வழியின்றிக் கரும்பலகையில் 52 இலிருந்து 27 ஐக் கழிக்கச் சொன்னோம். நட்சத்திரங்களில் முதலாவதாக நின்ற சிறுமி 35 என்று எழுதினாள். எப்படி வந்தது என்று கேட்டோம். “பெரிசிலருந்து சின்னதைத்தானே அண்ணே கழிக்கணும்? ஏழிலருந்து ரெண்டு போனா அஞ்சு” என்றாள். டெப்பிலே இதே கணக்கெல்லாம் எப்படிச் சரியாகச் செய்தாய் என்று கேட்டோம். “நாலு விடை இருக்குல்ல அண்ணே, பச்சை வர்ற வரைக்கும் தொட்டுக்கிட்டே இருந்தாச் சரி” என்றாள். அவள் எங்களை ஏமாற்றவில்லை. யந்திரம் கேட்டதை அவள் கொடுத்தாள். அவள் மனத்தில் என்ன இருக்கின்றது என்று கேட்க வேண்டியவர்கள் நாங்கள், நாங்கள் கேட்கவில்லை.

இதைவிடக் கசப்பானது ஒன்றுண்டு. தரம் 8 இல் படித்த ஒரு பையன் ஒழுங்காக வந்துகொண்டிருந்தான். திடீரென்று வரவில்லை. விசாரித்தால், கொழும்பிலே ஒரு கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டான் என்றார்கள். அதன்பின் அவன் பாவித்த டெப்பைத் திறந்து பார்த்தோம். எத்தனையோ மாலைப் பொழுதுகளை அவன் தரம் 1 இன் படப் பாடங்களிலேயே கழித்திருந்தான். அவனுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்க வராது என்பதை அந்தக் கருவி ஒவ்வொரு நாளும் பதிந்து வைத்திருந்தது. அதைத் திறந்து பார்க்க ஒருவரும் இருக்கவில்லை. அந்தப் பையனை எண்ணியே இவ்வுரையைத் தயாரித்தோம்.

அன்பர்களே, அவரவர் நிலைக்கேற்பக் கற்பித்தல் என்பது கணினியோடு பிறந்த எண்ணமா? இல்லை. நமது திண்ணைப் பள்ளிக்கூடத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே ஒருவன் மணலில் உயிரெழுத்து எழுதுவான். இன்னொருவன் எண்சுவடி சொல்வான். மூன்றாமவன் ஏடு வாசிப்பான். எல்லோரும் ஒரே நாளில் ஒரே பாடத்தை முடிக்க வேண்டும் என்ற விதி அங்கே இல்லை. சட்டாம்பிள்ளை என்னும் மூத்த மாணாக்கன் இளையோருக்குச் சொல்லிக் கொடுப்பான். 1789 இல் சென்னை எழும்பூரில் இருந்த ஆண் அநாதைச் சிறுவர் விடுதியின் பொறுப்பை ஏற்ற பாதிரியார் அந்திரேயு பெல், நாட்டுப் பள்ளியிலே பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்டு, தமது விடுதியிலும் அதைப் புகுத்தினார். ஆசிரியர்கள் அதை ஏற்கத் தயங்கியபோது, எட்டு வயதளவான ஜோன் பிரிஸ்கன் என்னும் சிறுவனையே மற்றச் சிறுவருக்கு ஆசானாக்கினார். 1797 இல் அவர் அதை நூலாக வெளியிட, இங்கிலாந்திலே அது “மதராஸ் முறை” என்று பெயர் பெற்றுப் பரவியது. மிஷன் பாடசாலையில் படித்த எங்களுக்கு இச்செய்தி ஒரு வியப்பைத் தந்தது. மேல்நாட்டுக் கல்வி என்று நாம் எண்ணியதன் ஒரு வேர் நமது மணலிலே இருந்தது.

ஆனால் பழமையை அப்படியே புகழ்வதும் எமது நோக்கமன்று. அந்தத் திண்ணையிலே எல்லாச் சாதியாருக்கும் இடமிருக்கவில்லை. பெண் பிள்ளைகளுக்கு இடம் மிக அரிது. நன்னூல் ஆசிரியர் பவணந்தி முனிவர், கேட்பவன் எவ்வளவு வாங்கிக்கொள்ள வல்லவன் என்று அறிந்தே ஆசான் சொல்ல வேண்டும் என்கின்றார். அது பொன்னான விதி. அவரே மாணாக்கரை அன்னம், பசு என்று தொடங்கி ஆடு, எருமை, ஓட்டைக் குடம் வரை தரம் பிரித்தும் காட்டுகின்றார். எங்களுக்கு இன்று தோன்றுவது இதுதான்: குடம் ஓட்டையா என்று முடிவு கட்டுமுன், நாம் நீரை ஊற்றும் உயரம் சரியா என்று பார்க்க வேண்டும்.

இனி, யந்திரம் என்ன செய்ய வல்லது, என்ன செய்ய மாட்டாது என்பதற்கு உலகத்தின் சாட்சியைப் பார்ப்போம். தென்னமெரிக்காவிலே பெரு நாட்டின் கிராமப் பள்ளிகளுக்குப் பிள்ளைக்கு ஒரு மடிகணினி என்ற திட்டத்தின்படி கணினிகள் கொடுத்தார்கள். 319 பள்ளிகளை ஆராய்ந்து 2012 இல் வெளிவந்த அறிக்கை, பிள்ளைகளின் கணிதத்திலும் மொழியிலும் முன்னேற்றம் எதையும் காணவில்லை. பெட்டி வந்தது, பெட்டியோடு கற்பித்தல் வரவில்லை.

இதற்கு மாறான சாட்சி இந்தியத் தலைநகராகிய டில்லியிலிருந்து வருகின்றது. மைண்ட்ஸ்பார்க் என்னும் கணினிப் பாடமுறையை அங்கே அரசாங்கப் பள்ளிகளின் 6 ஆம் வகுப்பு முதல் 9 ஆம் வகுப்பு வரையான பிள்ளைகளுக்குப் பாடசாலை முடிந்தபின் நடத்தினார்கள். முதலில் சோதித்தபோது 6 ஆம் வகுப்புப் பிள்ளை கணிதத்திலே சராசரியாக இரண்டரை வகுப்புப் பின்தங்கி நின்றது. அந்தக் கணினி, பிள்ளையின் வயதைப் பார்க்காமல் அது நிற்கும் இடத்தைப் பார்த்துக் கணக்குக் கொடுத்தது. நான்கரை மாதத்திலே நல்ல முன்னேற்றம் காணப்பட்டது என்று 2019 இல் வெளிவந்த ஆய்வு கூறுகின்றது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 90 நிமிட வகுப்பில் 45 நிமிடமே கணினி. மற்ற 45 நிமிடமும் பன்னிரண்டு பதினைந்து பிள்ளைகளோடு ஒரு துணை ஆசிரியர் உட்கார்ந்தார்.

மூன்றாவது சாட்சி ஆபிரிக்காவின் பொட்ஸ்வானா நாடு. 2020 இல் பாடசாலைகள் மூடியபோது அங்கே செய்த ஒரு முயற்சி மிக எளிமையானது. சாதாரணத் தொலைபேசிக்கு வாரம் ஒரு கணக்கைக் குறுஞ்செய்தியாக அனுப்பினார்கள். பின் ஓர் ஆசிரியர் வீட்டுக்கு அழைத்துப் பெற்றாரோடும் பிள்ளையோடும் சில நிமிடம் பேசினார். அழைப்பும் செய்தியும் சேர்ந்து சென்ற வீடுகளிலே பிள்ளைகள் முன்னேறினார்கள். குறுஞ்செய்தி மட்டும் போன இடங்களிலே பலன் சொற்பமே. செய்தி கணக்கைக் கொண்டுபோனது. மனிதக் குரலே பிள்ளையை அதில் இருத்தியது.

நமது மொழியிலேயே நடந்த பெரும் பரிசோதனை ஒன்றும் உண்டு. ஆந்திரப் பிரதேசத்தில் மதனப்பள்ளிக்கு அருகே ரிஷிவேலி என்னும் இடத்திலே, ஓராசிரியர் பல வகுப்புகளையும் ஒருங்கே நடத்தும் சிறு கிராமப் பள்ளிகளுக்காக ஒரு முறையை வகுத்தார்கள். பாடநூலைச் சிறு அட்டைகளாகப் பிரித்து, அவற்றை ஓர் ஏணியின் படிகள்போல் வரிசைப்படுத்தினார்கள். பிள்ளை தான் நிற்கும் படியின் அட்டையை எடுத்துச் செய்யும். அது கைவந்தபின் அடுத்த படி. 2003 இல் சென்னை மாநகராட்சி ஆணையாளராயிருந்த திரு. எம். பி. விஜயகுமார் அவர்கள் தமது ஆசிரியர்களை அங்கே அனுப்பிப் பார்த்துவரச் செய்தார். முதலில் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் தொடங்கிய அது “செயல்வழிக் கற்றல்” என்ற பெயரோடு 2007 அளவில் தமிழ்நாடு முழுவதும், 37,000 இற்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் பரவியது. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பிள்ளைகளோடு பாயில் உட்கார்ந்தார். கரும்பலகை பிள்ளையின் கைக்கெட்டும் உயரத்துக்கு இறங்கியது. காய்ச்சலில் ஒருவாரம் வராத பிள்ளை, வந்த அன்று தான் விட்ட படியிலிருந்தே தொடங்கியது. அம்முறையிலும் குறைகள் இருந்தன. அட்டைகள் கிழியும், பிள்ளைகள் மிகுந்த வகுப்பிலே ஆசிரியருக்குச் சுமை கூடும். பின்னாளில் அது மாறுதல்களுக்கு உள்ளாயிற்று. ஆயினும் 2022 இல் தொடங்கிய “எண்ணும் எழுத்தும்” திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைப்படி பிரித்தே கற்பிக்க முற்பட்டது. எண்ணம் அழியவில்லை என்பதற்கு அதுவே சான்று.

இதைப் படித்தபின் எங்கள் மாலை வகுப்பை மாற்றினோம். முதல் வாரம் பாடமே நடத்தவில்லை. ஒவ்வொரு பிள்ளையையும் தனியே அழைத்து ஒரு பந்தி வாசிக்கச் சொன்னோம். நான்கு கணக்குச் செய்யச் சொன்னோம். எப்படிச் செய்தாய் என்று கேட்டோம். தரத்தின்படி அல்லாமல் நிற்கும் படியின்படி நான்கு குழுக்களாக்கினோம். பழைய நாட்காட்டிகளின் பின்புறத்தை வெட்டி அட்டைகள் எழுதினோம். டெப்புகளை எறிந்துவிடவில்லை. ஒருவர் பக்கத்திலிருக்க, ஒரு குழு இருபது நிமிடம் அவற்றில் பழகும். வகுப்பு முடிந்தபின் நாங்கள் திறந்து, யார் எங்கே தடுமாறினார்கள் என்று பார்த்துக் கொப்பியில் குறிப்போம்.

35 என்று எழுதிய சிறுமிக்கு ஈர்க்குகளைப் பத்துப் பத்தாகக் கட்டிக் கொடுத்தோம். ஐந்து கட்டும் இரண்டு தனி ஈர்க்கும் அவள் முன் இருந்தன. “இதிலிருந்து இருபத்தேழு கொடு” என்றோம். இரண்டு கட்டுக் கொடுத்தாள். ஏழு தனி ஈர்க்கு வேண்டும், இருப்பதோ இரண்டு. வெகுநேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஒரு கட்டின் நூலைத் தானே அவிழ்த்தாள். கடன் வாங்கிக் கழித்தல் என்பது என்னவென்று அன்று அவளுக்கு விளங்கியது. சில வாரங்களின்பின் தன்னிலும் சிறிய பிள்ளையொன்றுக்கு அதே ஈர்க்குக் கட்டைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எழும்பூரின் அந்தச் சிறுவனைக் கண்டதுபோல் இருந்தது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். “கொழும்பிலும் கண்டியிலும் பிள்ளைகள் கணினியிலே படிக்கின்றார்கள், செயற்கை நுண்ணறிவோடு பேசுகின்றார்கள். தோட்டத்துப் பிள்ளைக்கு மட்டும் ஈர்க்கும் அட்டையுமா?” என்று கேட்கலாம். இந்தக் கேள்வியின் வேதனையை நாங்கள் அறிவோம். 1945 இல் இந்நாட்டிலே இலவசக் கல்வி வந்தபோது தோட்டப் பாடசாலைகள் அதன் வெளியே நின்றன. தோட்டத்தின் பொறுப்பிலே, ஓரறையும் ஓராசிரியருமாக இருந்த அவற்றை அரசாங்கம் ஏற்றது 1970 களிலேதான். ஒரு தலைமுறை காத்திருந்தது. இன்னொரு முறை நம் பிள்ளைகள் வாசலிலே நிற்கக்கூடாது. ஆகவே கருவி வேண்டாம் என்று நாங்கள் சொல்ல மாட்டோம். வேண்டும், அது அவர்களின் உரிமை. ஆனால் பக்கத்திலே ஆளில்லாத கருவியைக் கொடுத்துவிட்டு, கொடுத்தாயிற்று என்று திருப்திப்படுவதும் வாசலிலே நிறுத்துவதன் இன்னொரு விதமே. வசதியுள்ள வீட்டிலே கணினிக்குப் பக்கத்தில் தாயோ தந்தையோ தனிவகுப்பு ஆசிரியரோ இருக்கின்றார்கள். கொழுந்து பறித்துக் களைத்து வரும் தாய்க்கு அந்த அவகாசம் இல்லை. ஆதலால் கருவி சமமாகக் கிடைத்தாலும் கல்வி சமமாகக் கிடையாது. அந்தப் பக்கத்து ஆளை நாம்தான் கொடுக்க வேண்டும்.

ஆகவே நிர்வாக சபைக்கு மூன்று விண்ணப்பங்களை வைக்கின்றோம். முதலாவது, இப்போதுள்ள எட்டு டெப்புகளைத் திருத்திப் பாதுகாப்போம். புதியன வாங்குவதை ஓராண்டு தள்ளிவைப்போம். இரண்டாவது, அந்த நிதியிலிருந்து உயர்தரம் முடித்துவிட்டுப் பல்கலைக்கழக அனுமதிக்குக் காத்திருக்கும் நமது வாலிபர், யுவதிகள் சிலருக்குப் பஸ் கட்டணமும் சிறு வேதனமும் கொடுத்து, மாலை வகுப்பிலே குழுவுக்கு ஒருவராக அமர்த்துவோம். மூன்றாவது, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கொப்பி வைப்போம். அதிலே பிள்ளை நிற்கும் படியை மாதம் ஒருமுறை எழுதி, பாடசாலை ஆசிரியருக்கும் பெற்றாருக்கும் காட்டுவோம். இரண்டு நாள் ஒரு பிள்ளை வராவிட்டால் மூன்றாம் நாள் நம்மில் ஒருவர் லயத்துக்கு நடந்து போவோம். இதற்குக் கணினி வேண்டியதில்லை; செருப்பு இருந்தால் போதும்.

எந்நாளும் நாங்கள் கேட்க வேண்டிய கேள்வி, நம்மிடம் எத்தனை யந்திரங்கள் இருக்கின்றன என்பதன்று. இந்தப் பிள்ளை எந்தப் படியிலே நிற்கின்றது என்று தெரிந்தவர் நம்மில் ஒருவராவது இருக்கின்றாரா என்பதே. கொழும்பிலே கடையில் நிற்கும் அந்தப் பையன் பண்டிகைக்கு ஊருக்கு வருவான் என்று சொல்கின்றார்கள். வரும்போது அவனுக்கென்று ஒரு கொப்பி எழுதாமல் காத்திருக்கின்றது. அதன் முதற் பக்கத்தை அவனோடு சேர்ந்து எழுத எங்களுக்கு அம்பாள் அருள்புரிவாளாக.